போர்ட் கிள்ளானின் பழைய பெயருக்குச் சொந்தக்காரர்: கார்கோசா மாளிகையைக் கட்டிய ஸ்வெட்டன்ஹாம் யார்?

போர்ட் கிள்ளானில் வயதானவர்களிடம் பேசினால், இன்னும் சிலர் அந்த ஊரை 'சுவெட்டன்ஹாம்' என்றுதான் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்த பல குடும்பங்களுக்கு மலாயாவில் முதல் தரை அதுதான். 1972-இல்தான் அந்தத் துறைமுகம் போர்ட் கிள்ளான் ஆனது. அதற்கு முன் 70 வருஷத்துக்கும் மேலாக அது சுமந்த பெயர் ஒரு மனிதருடையது. அவர் கட்டிய வீடோ இன்றும் கோலாலம்பூரில், ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் நிற்கிறது. அந்த வீட்டின் பெயர் கார்கோசா.

ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் 1850-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்தார். 1871-இல் சிங்கப்பூருக்கு வந்தபோது வயது இருபதுதான், பயிற்சி அதிகாரி. கூட இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் மொழிபெயர்ப்பாளரை நம்பி வேலை செய்தபோது, இவர் மலாய் மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். சொல்லப்போனா, அவருடைய வாழ்க்கையைத் தூக்கிவிட்டதே அந்த மொழிதான்.

1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேரா சுல்தானுக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் இருப்பார். மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும். இதுதான் சாரம். பெயர்தான் ஆலோசனை, நடைமுறையில் அது ஆட்சி. அந்த உடன்படிக்கையின் மொழி வேலையில் ஸ்வெட்டன்ஹாமின் கை இருந்தது. மலாய் வாசகம் விஷயத்தை மென்மையாக்கிச் சொன்னதா என்று வரலாற்றாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அதே வருஷம் அவரை லங்காட்டுக்கு அனுப்பினார்கள். கிள்ளான் போர் ஓய்ந்திருந்த சமயம். 24 வயது இளைஞர், சுல்தான் அப்துல் சமாட்டின் அருகிலேயே தங்கி ஆலோசனை சொல்ல வேண்டும். அதைச் சமாளித்தார். ஆனால் 1875 நவம்பரில் பேராவின் முதல் ரெசிடென்ட் பர்ச், பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்போது ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ஸ்வெட்டன்ஹாம், இரவோடு இரவாகப் படகில் அந்த ஊரைக் கடந்து உயிர் தப்பினார். பிறகு பிரிட்டிஷ் படை பேராவுக்குள் நுழைந்தது. பர்ச்சைக் கொன்றவர்கள் மலேசியப் பாடப்புத்தகங்களில் போராளிகள். ஸ்வெட்டன்ஹாமின் பார்வையில் அவர்கள் குற்றவாளிகள்.

செங்கல்லும் தண்டவாளமும்

1882-இல் சிலாங்கூர் ரெசிடென்ட் ஆனார். அதற்கு முந்தைய வருஷம்தான் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அடிபட்டிருந்தது. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று வற்புறுத்தினார். சூளைகள் பெருகின. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் சூளைகளிலிருந்து வந்ததுதான்.

அடுத்தது ரயில். ஈயம் கிள்ளான் ஆற்றில் படகில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் பக்கத்தில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. ஆற்றைக் கடக்கப் பாலம் கட்டிய பிறகு கிள்ளான் ஊருக்குள் வந்தது. இன்று போர்ட் கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய வழித்தடத்தில்தான் போகிறார்கள். தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைய. குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸின் இன்றைய முகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1895-இல் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநில ஆட்சியாளர்களிடமும் கூட்டமைப்புக்கு ஒப்புதல் வாங்கினார். 1896-இல் அதன் முதல் ரெசிடென்ட் ஜெனரல் அவரே. தலைநகரம் கோலாலம்பூர். அதிகாரம் சுல்தான்களின் கையிலிருந்து கோலாலம்பூர் அலுவலகங்களுக்கு நகர்ந்துவிட்டது. 1903 தர்பாரில் பேரா சுல்தான் இட்ரிஸ் இதைப் பற்றித் தன் அதிருப்தியை வெளிப்படையாகவே சொன்னார். அப்போது ஸ்வெட்டன்ஹாம் உயர் ஆணையர்.

குன்றின் மேல் ஒரு வீடு

கார்கோசா அந்தப் பதவிக்காகக் கட்டிய வீடு. 1890-களின் கடைசியில் எழுந்தது. இங்கிலாந்துக் கிராமப்புற மாளிகையின் தோற்றம். ஆனால் உயரமான கூரை, அகலமான வராந்தா, காற்று வர நிறையத் திறப்புகள், எல்லாம் நம்ம ஊர் வெயிலுக்காக. பெயர்தான் விசித்திரம். 1895-இல் வந்த ராபர்ட் சேம்பர்ஸின் திகில் கதைத் தொகுப்பில் வரும் ஒரு மர்ம நகரத்தின் பெயர் அது. இத்தாலிய மொழியில் பிரித்துப் பார்த்தால் 'அன்பான பொருள்' என்றும் வரும். அரசாங்க மாளிகைக்கு இப்படிப் பெயர் வைக்க ஒரு தனி மனசு வேண்டும்.

ஜப்பானியர் காலத்தில் அவர்களுடைய அதிகாரிகள் அங்கே தங்கினார்கள். 1956-இல் துங்கு அப்துல் ரஹ்மான் அதை பிரிட்டிஷ் அரசுக்கே கொடுத்தார். சுதந்திர நாட்டின் தலைநகரில், குன்றின் உச்சியில் பிரிட்டிஷ் தூதரா என்ற எரிச்சல் பலருக்கு இருந்தது. 1987-இல் மாளிகை மலேசியாவிடம் திரும்பியது. பிறகு கொஞ்ச காலம் ஹோட்டலாகவும் இருந்தது. அந்த வராந்தாவில் தேநீரும் ஸ்கோனும் சாப்பிட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

துறைமுகமும் காய்ச்சலும்

1901 செப்டம்பரில் புதிய துறைமுகத்தை ஸ்வெட்டன்ஹாம் திறந்துவைத்தார். பெயரும் அவருடையதே. ஆனால் சதுப்பு நிலத்தை வெட்டிக் கட்டிய இடம் அது. மலேரியா பரவி, இரண்டே மாதத்தில் துறைமுகத்தை மூட வேண்டியதாயிற்று. காப்பாற்றியவர் கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன். காட்டை வெட்டி, வாய்க்கால் போட்டு, தேங்கிய நீரை வடித்தார். காய்ச்சல் மடமடவெனக் குறைந்தது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததற்கு நேரடிச் செயல்விளக்கம் இது. ஊரைத் திறந்தவருக்குப் பெயர் கிடைத்தது, வாழவைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

1904-இல் ஓய்வு பெற்று லண்டன் போனார். அங்கே ரப்பர் நிறுவனங்களின் இயக்குநர் நாற்காலிகள் காத்திருந்தன. இந்தத் துறைமுகத்தில் இறங்கி, தனிமைப்படுத்தும் முகாமைத் தாண்டி, தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் உழைப்பில் ஓடிய தொழில் அது. அவருடைய செல்வத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சுகமாக இல்லை. 1878-இல் நடந்த திருமணம் 1938-இல் விவாகரத்தில் முடிந்தது. அடுத்த வருஷமே, 89 வயதில், மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்!

1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் அமலுக்கு வந்தபோது, சுல்தான்களின் இறையாண்மையைப் பறிக்கிறார்கள் என்று அதை எதிர்த்த பழைய அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஐம்பது வருஷத்துக்கு முன் அதே சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். ஜூன் 11 அன்று, 96 வயதில் லண்டனில் காலமானார். அவருடைய வெண்கலச் சிலை இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பினாங்கில் கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு துறைக்கு மட்டும் அந்தப் பெயரை இன்னும் யாரும் மாற்றவில்லை.