தரையைக் கணப்பாக்கிய கட்டடக் கலைஞர்

சித்திரை மாசம் பெருமுக்கல் மலை ஏறினவங்களுக்குத் தெரியும், பொழுது சாய்ந்த பிறகும் பாறை சுடும். பகலில் வாங்கின சூட்டைக் கல் மெல்லத்தான் விடும். நமக்குத் தொல்லையான இந்தக் குணத்தைக் குளிர் தேசத்து வீடுகளுக்கு வரமாக்கியவர்களில் ஒருவர் ஃபிராங்க் லாயிட் ரைட்.

1867இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். மேடிசன் பல்கலைக்கழகத்தில் சிவில் பாடம் கொஞ்ச காலம் படித்தார். பட்டம் வாங்காமலே வேலை தேடி சிகாகோ போனார். அங்கே டிராயிங் போர்டில் தொழில் கற்று, நாடறிந்த கட்டடக் கலைஞர் ஆனார்.

டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஜப்பான் போன இடத்தில், ஒரு குளிர்கால இரவு ஒகுரா பிரபு வீட்டில் விருந்து. சாப்பாட்டு அறையில் ஒரே நடுக்கம். பிறகு கொரிய அறை என்ற ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். கண்ணுக்கு அடுப்பே தெரியவில்லை. ஆனால் உடம்புக்கு இதமான சூடு! சூடு தரையிலிருந்து வந்தது. கொரியாவில் இதன் பெயர் ஒண்டோல். அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் ஓடவிட்டு, மறுபக்கம் புகைபோக்கி வழியே வெளியேற்றுவார்கள். கல் சூடேறி அறையை இதமாக்கும். சாதாரண ஜனங்கள் பல நூற்றாண்டாகச் செய்து வந்த வேலை இது.

கர்வக்காரர் என்று பெயரெடுத்தவர் ரைட். ஆனாலும் இதை எங்கே கற்றார் என்பதை மறைக்காமல் தன் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

1937இல் மேடிசனில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளருக்கு ஒரு சிறிய வீடு கட்டினார். செலவு சுமார் 5,500 டாலர். கான்கிரீட் தரைக்கு அடியில் குழாய் பதித்துச் சூடேற்றினார். நடுத்தரக் குடும்பத்துக்கும் அந்த வசதி கிடைத்தது.

குறையும் உண்டு. புதைத்த குழாய் கெட்டால் தரையை உடைக்கணும். 1980களில் அந்த வீட்டைப் புதுப்பித்தபோது தரையையும் குழாயையும் மாற்ற வேண்டி வந்தது. பழைய வீட்டு அறையில் இதைச் சேர்ப்பவர்கள் தரை எவ்வளவு உயரும், கதவு இடிக்குமா என்று முதலில் பார்க்கணும். அடியில் வெப்பத்தடை போடாவிட்டால் சூட்டில் ஒரு பகுதி மண்ணுக்குப் போய்விடும்.

ரைட் 1959இல், 91 வயதில் காலமானார். 2019இல் ஜேக்கப்ஸ் வீடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நண்பர்களே, ஒரே விறகில் இரண்டு பானை வேகும் நம்ம ஊர் கொடியடுப்பும் இதே கணக்குத்தான்: வெளியே போகிற சூட்டை வீணாக்காதே! லீவுக்கு ஊருக்குப் போனால் பாட்டியிடம் அதைப் போடும் அளவைக் கேட்டு, நோட்டில் வரைந்து வாருங்கள்.