தாய்க்கும் சேய்க்கும் உழைத்த ஐடா ஸ்கடர்

திண்டிவனத்தில் ஒரு நாள் இரவு. பாதிரியார் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த இளம்பெண்ணின் பெயர் ஐடா ஸ்கடர். தன் தந்தை டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்றாள். வந்தவர் மறுத்துவிட்டார். ஆண் டாக்டர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா?

அதே இரவில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் பெண்தான் வேண்டும். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். பாட்டனாரும் தந்தையும் மருத்துவப் பாதிரிமார்கள். அந்தத் தொழிலே வேண்டாம் என்றிருந்தவரை அந்த ஓர் இரவு மாற்றிவிட்டது. அமெரிக்கா சென்று படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் நர்ஸ் பள்ளி. 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. இன்று ஊர் ஊராக ஜனங்கள் தேடிப் போகிறார்களே, அந்த வேலூர் ஆஸ்பத்திரிதான் இது.

மருந்து இல்லாத காலம்

அழுக்குக் கை பட்டாலும், சுத்தமில்லாத கத்தியால் தொப்புள் கொடியை அறுத்தாலும் கிருமி உள்ளே நுழையும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் அது கலந்துவிட்டால் குழந்தை பால் குடிக்காது. உடம்பு சுடும், அல்லது சில்லிட்டுவிடும். மூச்சு வாங்கும். அம்மையார் வேலூருக்கு வந்த நாளில் இதற்கு மருந்தே கிடையாது. சோப்பும் கொதித்த தண்ணீரும்தான் காவல்.

1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். 1940-களில் அது மக்களுக்குக் கிடைத்தது. அம்மையார் 1946-ல் ஓய்வு பெற்றார். பிறகு கொடைக்கானல் மலையில் வாழ்ந்து, 1960 மே மாதம் 89-ம் வயதில் அங்கேயே காலமானார். அதே மலையில், அட்டுவம்பட்டியில், 1984-ல் ஏற்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐடா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மருந்துக்கு அடங்காத கிருமி

ஆனால் அவர் பார்க்காத ஆபத்து ஒன்று இப்போது வந்திருக்கிறது. டில்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ரத்தத்தில் அதிகமாகக் காணப்பட்டது அசினெட்டோபாக்டர் என்ற கிருமி. அதில் 100-க்கு 82 பங்கு பல மருந்துகளுக்கு அடங்கவில்லை.

காரணம் என்ன? மருந்து பட்டதும் பலவீனமான கிருமிகள் சாகின்றன. தாக்குப் பிடித்தவை பெருகுகின்றன. மருந்தை வெல்லும் வித்தையை மற்றக் கிருமிகளுக்கும் கொடுக்கின்றன. சாதாரண ஜலதோஷத்துக்குக்கூடக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அவற்றுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரிதான். ஜலதோஷத்துக்கு அந்த மாத்திரையால் பயனும் இல்லை. பிறகு அந்தக் கிருமி கழுவாத கை வழியாக ஒரு தொட்டிலிலிருந்து மறு தொட்டிலுக்குப் போகிறது. ஆகவே சோப்பும் தண்ணீரும் மறுபடியும் முதல் காவலாகிவிட்டன. தாய்ப்பாலும் துணை நிற்கிறது.

குழந்தையின் ரத்தத்தை எடுத்து, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். பச்சைக் குழந்தை அதுவரை தாங்காது. அதனால் முடிவு வருமுன்பே, எது கேட்கும் என்று ஊகித்து டாக்டர்கள் ஊசி போடுகிறார்கள்.