வாசிக்கத் தெரியாதவர் செய்த வாத்தியப் பெட்டி

மின்சாரக் கிதார் வாசிக்கிறவர்களில் லியோ பெண்டர் என்ற பெயரை அறியாதவர்கள் இல்லை. ஆனால் அந்த லியோ பெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! கடைசி வரை அவர் அதைக் கற்றுக்கொள்ளவும் இல்லை.

அவருக்குத் தெரிந்தது ரேடியோ ரிப்பேர். அதோடு, கண்ணுக்கு அழகான மரம் எது, காரியத்துக்கு உதவும் மரம் எது என்று பிரித்துப் பார்க்கவும் தெரிந்துகொண்டார். அவர் பெயரில் வந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் உலகமெங்கும் போயின.

ஆரஞ்சுத் தோட்டத்துப் பையன்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் அனகைம், புல்லர்டன் என்று இரண்டு ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில், 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார்.

எட்டு வயதில் ஒரு துன்பம் வந்தது. இடது கண்ணில் கட்டி. டாக்டர்கள் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் கண்ணாடிக் கண் வைத்தார்கள். பிறகு வாழ்நாள் முழுவதும் லியோவுக்கு ஒரே கண்தான்.

அவருடைய மாமா ஒருவர் மோட்டார்களுக்கு மின்சார வேலை செய்யும் கடை வைத்திருந்தார். பழைய ரேடியோ சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, அவர் லியோவுக்கு அனுப்பினார். பிறகு ஒரு நாள் லியோ அந்தக் கடைக்குப் போனார். மாமா தம் கையாலேயே செய்த ரேடியோ ஒன்று கடை வாசலில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. பையன் அசந்து போனான். அன்று முதல் ரேடியோவே அவனுக்கு உலகம் ஆயிற்று.

வேலை போயிற்று

கல்லூரியில் லியோ படித்தது கணக்கு எழுதும் படிப்பு. மின்சாரத்தையும் ரேடியோவையும் தாமாகவே கற்றுக்கொண்டார்.

முதலில் ஓர் ஐஸ் கம்பெனியில் சரக்கு கொண்டுபோய்ப் போடும் வேலை. பிறகு அங்கேயே கணக்குப்பிள்ளை ஆனார். அப்போது உள்ளூர் பாண்டு கோஷ்டித் தலைவர் ஒருவருக்காக ஆறு ஒலிபெருக்கி செட்டுகள் செய்து கொடுத்தார்.

1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். மாகாண நெடுஞ்சாலை இலாகாவில் கணக்கு வேலை கிடைத்தது. ஆனால் அது அமெரிக்காவில் பெரும் பணமுடை நிலவிய காலம். அந்த வேலை போயிற்று. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஆறே மாதம். அந்த வேலையும் போயிற்று!

இனி யாரிடம் வேலை கேட்பது? 1938-ல் அறுநூறு டாலர் கடன் வாங்கினார். புல்லர்டனுக்குத் திரும்பி வந்து ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

ரிப்பேர் சொல்லிக்கொடுத்த பாடம்

கடைக்கு ரேடியோக்கள் வந்தன. வித்வான்களின் ஒலிபெருக்கிகளும் வந்தன. எது கெட்டுப்போகிறது, ஏன் கெட்டுப்போகிறது என்று அவர் தினமும் பார்த்தார். ரிப்பேர்க்காரருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஒரு கண் இல்லாததால் லியோ பட்டாளத்துக்குப் போகவில்லை. டாக் காப்மன் என்ற வித்வானோடு கூட்டுச் சேர்ந்து, 1945-ல் மின்சாரக் கிதார்களும் ஒலிபெருக்கிகளும் செய்தார். அடுத்த ஆண்டே காப்மன் விலகிவிட்டார். லியோ தம் பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

அழகு மரம்

1946-ல் லியோவின் ஒலிபெருக்கிப் பெட்டிகள் மிக அழகாக இருந்தன. மேப்பிள், வால்நட், மகோகனி போன்ற உயர்ந்த மரங்கள். மரத்தின் ரேகை தெரியும்படி மெருகு போட்டிருந்தார்கள். முன்பக்கம் வண்ணத் துணி. அதன் மேல் பளபளக்கும் உலோகப் பட்டைகள். கைப்பிடியும் மரந்தான்.

வீட்டுக் கூடத்தில் வைக்க நல்ல சாமான்! ஆனால் வித்வானின் பெட்டி கூடத்தில் இருப்பதில்லை. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். வண்டியில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். படிக்கட்டில் இடிபடும். கனமான மரம் என்றால் தூக்குகிறவர் முதுகு ஒடியும். மெருகு போட்ட மரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் கண்ணை உறுத்தும். விலையோ அதிகம்.

1948 வாக்கில் அந்த அழகுப் பெட்டிகள் நின்றுவிட்டன. அவற்றின் இடத்தில் பைன் மரம் வந்தது. சரக்கு அனுப்பும் பெட்டிகள் செய்கிறார்களே, அந்தச் சாதாரண மரம்தான்!

பைன் மரம் லேசானது. மலிவானது. வாளுக்கும் உளிக்கும் இணங்கி வரும். ஸ்பீக்கர் அதிரும்போது பலகையும் சேர்ந்து கொஞ்சம் அதிரும். அந்த அதிர்வு ஓசைக்கு ஒரு கனிவைத் தருகிறது என்று வித்வான்கள் கண்டார்கள்.

ஆனால் பைன் மிருதுவான மரம். எளிதில் நசுங்கும். அதனால் பெட்டிகளுக்குப் பிரயாணப் பெட்டிகளில் ஒட்டுவது போன்ற தடித்த துணியை ஒட்டினார்கள். அழகும் ஆயிற்று, காப்பும் ஆயிற்று.

விரல் கோத்த மூலை

பெட்டியின் உயிர் மூலையில் இருக்கிறது. இரண்டு பலகைகளைச் சும்மா ஒட்டவைத்து ஆணி அடித்தால் என்ன ஆகும்? உள்ளே ஸ்பீக்கர் ஓயாமல் அதிர்கிறது. நாளடைவில் ஆணி தளரும். மூலை விலகும். பாட்டோடு சேர்ந்து பெட்டியும் கடகடவென்று பாடும்!

பசை மட்டும் போதுமா? போதாது. மரத்தின் நார், நீளவாக்கில் ஓடுகிறது. பலகையின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும்; பிடிப்பு இராது. நார் ஓடும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் உறுதி.

அதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள். இழுத்தால் சுலபமாக வருகிறதா? பெண்டர் பெட்டிகளின் மூலைகளும் அப்படித்தான். ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் சதுரச் சதுரமாகப் பற்கள் வெட்டுவார்கள். ஒரு பலகையின் பல் மற்றதன் பள்ளத்தில் இறங்கும். ஒவ்வொரு பல்லின் இரண்டு பக்கமும் பசை பிடிக்கும். ஒரு மூலைக்குள்ளேயே பல ஒட்டு!

இன்னொரு நன்மையும் உண்டு. மேல் பலகை, அடிப் பலகை, இரு பக்கப் பலகைகள் எல்லாவற்றிலும் நார் பெட்டியைச் சுற்றியே ஓடும். ஈரக் காற்றில் மரம் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். நான்கும் ஒரே மாதிரி உப்பிச் சுருங்குவதால் மூலை வெடிக்காது.

ஸ்பீக்கரைத் தாங்கும் முன்பலகை மட்டும் வேறு. அதில் பெரிய வட்டம் வெட்ட வேண்டும். தனி மரமானால் அந்த இடத்தில் பிளக்கும். ஆகவே பிளைவுட் பலகை வைத்தார்கள்.

இன்றும் வீட்டிலேயே இந்தப் பெட்டியைச் செய்கிறவர்கள் இந்த முறையைப் பின்பற்றுகிறார்கள். நன்றாகக் காய்ந்த மரமாக, கணு இல்லாத பலகையாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஈர மரம் வளையும். ஆடும் கணு இருந்தால் அது தனியாகச் சத்தம் போடும்!

காது கொடுத்தார்

வாசிக்கத் தெரியாத லியோ என்ன செய்தார்? வாசிக்கத் தெரிந்தவர்களிடம் போனார். புதிதாகச் செய்ததை உள்ளூர் வித்வான்களிடம் கொடுப்பார். அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொள்வார். மறுபடி பிரிப்பார், மறுபடி செய்வார்.

1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டர் கிதார் வந்தது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. 1952-ல் பாஸ்மேன் என்ற ஒலிபெருக்கி வந்தது. அடித்தந்தி வாசிக்கிறவர்களுக்காகச் செய்தது அது. பின்னர் அதில் நான்கு பத்தங்குல ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். கிதார்க்காரர்களும் அதை விரும்பி வாங்கினார்கள்.

லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற கடைக்காரர், 1962-ல் பாஸ்மேனைப் பார்த்துத் தம் ஒலிபெருக்கியைச் செய்யத் தொடங்கினார். ஆனால் ஸ்பீக்கர்களை வேறு பெட்டியில் வைத்தார். பிளைவுட் பெட்டி, பின்பக்கமும் அடைப்பு. பிறந்த ஓசை வேறு! பெட்டி மாறினால் குரலும் மாறும் என்பதற்கு அது சாட்சி.

விற்றார், விடவில்லை

லியோவை ஒரு நோய் வெகுநாள் வாட்டியது. இனி அதிக நாள் தாங்காது என்று நினைத்து, 1965-ல் கம்பெனியை விற்றுவிட்டார். சி.பி.எஸ். கம்பெனி 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. வேறொரு டாக்டரைப் பார்த்தார். நோய் குணமாகிவிட்டது!

கையில் பெரும் பணம். உடம்பும் தேறியது. வேறொருவராக இருந்தால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். லியோ மறுபடி பட்டறைக்குள் நுழைந்தார். வயது எழுபதை எட்டியபோது இன்னொரு புதிய கம்பெனி தொடங்கினார். கை நடுங்கும் வியாதி வந்த பிறகும் வேலையை விடவில்லை. 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

அவருடைய பழைய பைன் பெட்டிகள் பல இன்னும் மேடையில் இருக்கின்றன. மேல் துணி கிழிந்திருக்கலாம், நிறம் மங்கியிருக்கலாம். அந்தத் துணிக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல், மூலைகள் விரல் கோத்தபடியே நிற்கின்றன.