உடற்சிற்பி சாண்டோ

திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ‘சாண்டோ’ என்னும் அடைமொழி நிற்பதைப் பலரும் அறிவர். உடலை உரமேற்றியவர்களுக்குத் தமிழ்நாட்டில் பட்டம்போல வழங்கிய அச்சொல், உண்மையில் ஒரு மனிதரின் பெயராகும். உடற்கட்டுக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் யூஜென் சாண்டோவே அவர்.

சாண்டோ 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். சிறுவனாக இத்தாலிக்குச் சென்றபோது கண்ட பண்டைய வீரர்களின் சிலைகளே தமக்குள் உடல்வலிமை வேட்கையை விதைத்தன என்று அவர் பிற்காலத்தில் கூறிவந்தார். கட்டாயப் படைப்பணியைத் தவிர்க்க 1885இல் தாயகத்தை விட்டு வெளியேறிய அவர், சர்க்கஸ்களில் வித்தை காட்டிப் பிழைத்தார். பிரஸ்ஸல்ஸ் நகரில் ‘பேராசிரியர் அட்டிலா’ எனப் புகழ்பெற்ற லுட்விக் டர்லாக்கரிடம் எடைப்பயிற்சியை முறையாகக் கற்றார்.

அக்காலத்தில் இலண்டன் மேடைகளில் சாம்சன் என்பவர், தம்மை வெல்வார் உண்டோ என அறைகூவல் விடுத்துவந்தார். 1889இல் அவ்வறைகூவலை ஏற்று மேடையேறிய சாண்டோ, அவரை வென்று ஒரே இரவில் புகழின் உச்சியை அடைந்தார். 1893இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மேடையேறியபோது, அவர் தூக்கிய எடையைக் காட்டிலும் அவருடைய உடலமைப்பையே மக்கள் பெரிதும் வியந்தனர். அதனை உணர்ந்த நிகழ்ச்சி அமைப்பாளர் சீக்ஃபெல்ட், பளு தூக்குவதோடு தசைகளின் அழகைக் காட்டுவதையும் நிகழ்ச்சியின் சிறப்புக் கூறாக்கினார். மறு ஆண்டு எடிசனின் படப்பிடிப்புக் கூடம் அவருடைய அசைவுகளைப் படச்சுருளில் பதிவு செய்தது.

பொருளும் புகழும் குவிந்த நிலையில் அவர் தம் உடலைக் காட்சிப்படுத்துவதோடு நின்றிருக்கலாம். ஆனால், வலிமை என்பது பிறவியில் வாய்க்கும் வியப்பன்று. முறையான பயிற்சியால் எவரும் ஈட்டத்தக்க செல்வம் என்பதே அவர் கொள்கை. எனவே 1897இல் இலண்டனில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். மறு ஆண்டு ஓர் இதழையும் தொடங்கினார். எழுத்தர்களும் கடைப்பணியாளர்களும் தம் வீட்டிலேயே பழகத்தக்க எளிய பயிற்சிகளை நூல்களில் விளக்கினார். 1905இல் இந்திய நகரங்களிலும் தம் திறனைக் காட்டினார்.

அவருடைய அரும்பணிகளுள் தலையாயது 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடத்திய உடற்கட்டுப் போட்டியாகும். பிரித்தானிய வட்டாரப் போட்டிகளில் தேர்ந்த அறுபதுபேர் அதில் பங்கேற்றனர். சிற்பி சார்லஸ் லாஸும் எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலும் நடுவர்களாக அமர்ந்தனர். பருத்த தசைக்கே பரிசு என்று சாண்டோ விதி வகுக்கவில்லை. உறுப்புகளின் சமச்சீர் வளர்ச்சி, தோலின் நிலை, பொதுவான உடல்நலம் ஆகியனவும் கருத்தில் கொள்ளப்பட்டன. நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே வெற்றி பெற்றார். அவருக்குச் சாண்டோவின் உருவச்சிலையே பரிசாக வழங்கப்பட்டது. 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், சாண்டோவைத் தம் உடற்பயிற்சி ஆசிரியராக அமர்த்திச் சிறப்பித்தார்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் தம் 58ஆம் அகவையில் சாண்டோ மறைந்தார். உலகமே அறிந்த அவருடைய பெயர், இலண்டன் புட்னி வேல் இடுகாட்டில் அவர்தம் கல்லறைமீது பொறிக்கப்படவில்லை. பெயரற்ற அந்த மண்மேட்டில் நினைவுக்கல் எழுந்தது இந்த நூற்றாண்டில்தான். ஆயினும், 1977 முதல் ‘மிஸ்டர் ஒலிம்பியா’ வாகையர் கைகளில் ஏந்துவது சாண்டோவின் உருவச்சிலையே. கல்லில் இல்லாத பெயரைப் பயிற்சிக்கூடங்கள் காத்துவந்தன. பிறருக்குக் கற்றுக்கொடுத்த கலையே அவரை இன்றும் வாழ்விக்கிறது.