பாலைவன வீரரைச் சாய்த்த பக்கத்துச் சாலை

மார்கழி வந்தால் கல்வராயன் மலையில் பனி கொட்டும். விடிந்து நெடுநேரமாகியும் மூட்டம் கலையாது. கச்சிராயப்பாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில், எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அந்தக் குளிரிலும் மோட்டார் சைக்கிள்கள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஓட்டுகிறவர் காதைச் சுற்றி மப்ளர். பின்னால் இருப்பவர் மேல் கம்பளி. தலைக்கவசமோ பல வண்டிகளில் கண்ணாடிக் கம்பியில் தொங்குகிறது!

குளிரையும் மழையையும் பாராமல் மோட்டார் சைக்கிளில் பறந்த ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். உலகப் புகழ் பெற்ற போர் வீரர் அவர். குண்டுக்குத் தப்பியவர், பனிக்கும் தப்பினார். ஆனால் வீட்டுப் பக்கத்துச் சாலைக்குத் தப்பவில்லை. அவர்தான் அரேபிய லாரன்ஸ்.

ஒட்டக வீரர்

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி வேல்ஸ் நாட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்தார். மாணவராக இருந்தபோதே பழைய கோட்டைகளைப் பார்ப்பதற்காக 1909-ல் சிரியாவுக்குச் சென்று, சுமார் ஆயிரம் மைல் நடந்தார். பிறகு அந்தப் பக்கமே புதைபொருள் ஆராய்ச்சிக்குப் போனார். அரபு மக்களோடு பழகி, அவர்கள் மொழியைப் பேசக் கற்றார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. 1916-ல் அரபு மக்கள் துருக்கியரின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களுக்குத் துணையாக இங்கிலாந்து அனுப்பியவர்களில் லாரன்ஸ் ஒருவர். அவர் அரபு உடை தரித்தார், ஒட்டகத்தில் ஏறினார், துருக்கியரின் ரெயில் பாதைகளை வெடி வைத்துத் தகர்த்தார். 1917 ஜூலையில், பாலைவனத்தின் வழியாக வந்த அரபுப் படை அக்காபா துறைமுகத்தைப் பிடித்தது. லாரன்சின் பெயர் உலகமெங்கும் பரவியது.

பெயரை மறைத்த கர்னல்

போர் முடிந்தது. அரபு மக்களுக்குக் கிடைக்கும் என்று லாரன்ஸ் நம்பிய விடுதலை கிடைக்கவில்லை. அந்த வேதனை அவர் மனதை அரித்தது. புகழும் கசந்தது.

1922-ல் அவர் ஒரு காரியம் செய்தார். கர்னலாக இருந்தவர், ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்! குட்டு வெளிப்பட்டது. வேலை போயிற்று. 1923-ல் ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். 1925-ல் மீண்டும் விமானப் படைக்கே வந்தார்.

இந்தச் சிப்பாய் வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் மோட்டார் சைக்கிள்தான். நாட்டிங்காம் நகரில் ஜார்ஜ் புரோ என்பவர் தயாரித்த புரோ சுப்பீரியர் வண்டிகள் அந்தக் காலத்தில் மிக உயர்ந்தவை. மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டக்கூடியவை. லாரன்ஸ் ஒன்றன் பின் ஒன்றாக ஏழு வண்டிகள் வைத்திருந்தார். இடி முழக்கத்தின் மக்கள் என்று பொருள்படும் பைபிள் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். ஒரு நாள், வானில் பறந்த விமானத்தோடு சாலையில் பந்தயமே ஓடினார்!

பனியில் ஒரு சறுக்கல்

இங்கிலாந்தின் குளிர் நம் மலைக் குளிர் போன்றதல்ல. சாலையில் கிடக்கும் ஈரம் இரவில் ஐஸாக உறைந்துவிடும். 1925 டிசம்பரில், இருட்டில், மணிக்கு 55 மைல் வேகத்தில் போன லாரன்சின் வண்டி ஐஸில் சறுக்கியது. முழங்கால், கணுக்கால், முழங்கை எல்லாம் அடிபட்டன. நொண்டி நொண்டி நடந்தார். ஆனால் பிழைத்துக்கொண்டார்.

நம் மலைச் சாலையில் ஐஸ் இல்லை. ஆனாலும் குளிரின் ஆபத்து உண்டு. காற்றுப் பட்டு விரல்கள் மரத்துப்போகும். மரத்த விரல் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடித் தாமதத்தில் 11 மீட்டர் ஓடிவிடும்!

1927 முதல் 1929 ஜனவரி வரை லாரன்ஸ் பிரிக்கப்படாத இந்தியாவில், கராச்சியிலும் ஆப்கன் எல்லையிலுள்ள மிரான்ஷாவிலும் வேலை பார்த்தார். நாடு திரும்பியதும், கடலில் விழும் விமானிகளைக் காப்பாற்ற வேகப் படகுகள் உருவாக்குவதில் உழைத்தார். 1935 பிப்ரவரியில் ஓய்வு பெற்று, டார்செட் பகுதியில் தம் சிறிய குடிசையில் தங்கினார்.

அந்த மே மாதம்

1935 மே 13-ந் தேதி. குளிர்காலம் போய்விட்டது. லாரன்ஸ் பக்கத்திலுள்ள ராணுவ முகாமுக்குச் சென்று ஒரு தந்தி கொடுத்தார். வீடு இரண்டு மைல்கூட இல்லை. தினமும் பழகிய பாதை. சாலை மேடும் பள்ளமுமாக இருந்ததால், எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் கடைசி நேரத்தில்தான் அவர் கண்ணில் பட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தார். சிறுவர்கள் பிழைத்தார்கள். லாரன்ஸ் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. கவசம் அணிந்திருக்கவில்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19-ந் தேதி காலமானார். வயது 46.

அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அந்தச் சாவு அவரைச் சும்மா இருக்க விடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் ஏற்படும் தலைக் காயங்களை ஆராய்ந்தார். கவசம் உயிரைக் காக்கும் என்று 1941-ல் எழுதினார். அதே ஆண்டில், மோட்டார் சைக்கிளில் செல்லும் பிரிட்டிஷ் ராணுவத்தினருக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அதன் பிறகு அவர்களிடையே சாவு குறைந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். 1973-ல் இங்கிலாந்தில் எல்லோருக்கும் அது சட்டமாயிற்று.

இந்தியாவில் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசம் அணியச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் அதைக் கண்டிப்பாக நிறைவேற்றும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. போலீசுக்குப் பயந்து அணிகிறவர் பலர். கடைத்தெருவுக்குத்தானே, பக்கத்து ஊருக்குத்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவரும் பலர்.

தந்தி கொடுக்கப் போன லாரன்சும் பக்கத்துக்குத்தான் போனார். மார்கழிக் குளிரில் மப்ளர் காதைக் காக்கும், தலையைக் காக்காது. அப்பாவோ அண்ணனோ வண்டியை எடுக்கும்போது, கண்ணாடியில் தொங்கும் கவசத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள், குழந்தைகளே!