பகைநாட்டில் இருந்து வரைந்த வளைகோடு

நம் பிள்ளைகளில் பலர் இப்போது பிளெண்டர், ரைனோ போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் வேலை செய்கிறார்கள். கட்டடக்கலை படிக்கிற பிள்ளை, நகை வடிவமைக்கிற பிள்ளை என்று நமக்குத் தெரிந்த வீடுகளில் யாராவது ஒருவர் இருக்கிறார். ஒரு வளைகோட்டுக்கு எங்கும் ஒரே தூரம் தள்ளி இன்னொரு கோடு போடுவதை அவர்கள் ஒஃப்செற் என்பார்கள். வீதியின் இரு கரைகளும், மோதிரத்தின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் அப்படித்தான் பிறக்கின்றன. கையால் ஒவ்வொன்றாகப் போடாமல் பைதான் மொழியில் சில வரி நிரல் எழுதி விடுகிறார்கள். கோட்டில் நெருக்கமாகப் புள்ளிகள் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தொடலியைக் கண்டு, அதைத் தொண்ணூறு பாகை திருப்பிச் செவ்வனாக்கி, வேண்டிய தூரம் நகர்த்திப் புள்ளிகளை மீண்டும் இணைப்பதுதான் வேலை. கோடு வெளியில் சுழன்று போனால் எந்தத் தளத்தில் திருப்புவது என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எளிதாகத் தெரிந்தாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. இறுக்கமான வளைவின் உட்பக்கமாக அதிக தூரம் தள்ளினால் புதிய கோடு மீன்வால் போல மடிந்து தன்னையே வெட்டிக்கொள்ளும். ஏன், எங்கே மடிகிறது என்பதற்கான விடை 350 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு நூலில் இருக்கிறது. எழுதியவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒல்லாந்தர்.

ஒல்லாந்தர் என்றதும் நமக்கு யாழ்ப்பாணக் கோட்டை நினைவுக்கு வரும். 1658 யூன் மாதம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. அதே 1658இல்தான் ஹைகன்ஸ் தம் ஊசல் கடிகாரத்தைப் பற்றிய முதல் சிறு நூலை வெளியிட்டார். அந்தக் கொம்பனி இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும்.

1629 ஏப்ரல் 14இல் டென் ஹாக் நகரில் பிறந்தார். தந்தை கொன்ஸ்டன்டைன் புகழ்பெற்ற கவிஞர். ஒறேஞ்ச் இளவரசர்களின் செயலாளர். எட்டு வயதில் தாயை இழந்த பிள்ளையைத் தந்தை தம்மைப் போல இராசதந்திரியாக்க விரும்பிச் சட்டம் படிக்க அனுப்பினார். பிள்ளையின் மனமோ கணிதத்தில். தமையனோடு சேர்ந்து கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். 1655இல் சனிக்கிரகத்தின் துணைக்கோள் டைட்டனைக் கண்டார். சனியைச் சுற்றியிருப்பது ஒரு வளையம் என்று விளக்கினார். 1656 முடிவில் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்தார். அதுவரை நாளுக்குக் கால்மணி நேரம் பிழைத்த கடிகாரங்கள் அதன் பின் சுமார் கால் நிமிடம் மட்டும் பிழைத்தன.

அவருக்கு அது போதவில்லை. வட்டப் பாதையில் ஆடும் ஊசல் பெரிதாக ஆடினால் நேரம் கூடும். எவ்வளவு ஆடினாலும் ஒரே நேரம் எடுக்கும் பாதை எது என்று தேடி, 1659இல் கண்டுபிடித்தார். உருளும் வண்டிச்சில்லின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வரைகிற கோடுதான் அது. ஊசலை அந்தப் பாதையில் ஆட வைக்க, நூலின் இருபுறமும் வளைந்த தகடுகளை வைத்தார். ஆடும்போது நூல் தகட்டில் சுற்றிச் சுற்றிப் பிரியும். அந்தத் தகடும் அதே வடிவக் கோடாகத்தான் இருக்க வேண்டும் என்று நிறுவினார்.

இந்த நூலை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு வளைந்த பலகையில் நூலைச் சுற்றி, இறுக்கிப் பிடித்துப் பிரித்தபடி நுனியில் பென்சிலால் வரையுங்கள். அதே நூலில் ஒரு சாண் தள்ளி இன்னொரு பென்சிலைக் கட்டினால் அது இரண்டாவது கோட்டை வரையும். இரண்டுக்கும் இடையில் எங்கும் அதே ஒரு சாண். பிள்ளைகளின் ஒஃப்செற் இதுதான். நூல் பலகையைத் தொடும் இடத்திலிருந்து பென்சில்வரை உள்ள நீளமே அந்த இடத்தின் வளைவாரை. அதைவிடக் கூடுதலாக உள்ளே தள்ளினால் கோடு மடியும். மடிப்பின் கூர்முனை சரியாக அந்தப் பலகையின் விளிம்பில் வந்து நிற்கும். ஆகவே நல்ல நிரல் நகர்த்துமுன் வளைவாரையைச் சோதிக்கிறது.

இதெல்லாம் 1673இல் பாரிஸில் அச்சான அவருடைய பெருநூலில் இருக்கிறது. அந்த ஆண்டையும் ஊரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1666இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் அவரைப் புதிய விஞ்ஞானக் கழகத்துக்கு அழைத்து, சம்பளமும் அரச நூலகத்தில் இருப்பிடமும் கொடுத்திருந்தார். 1672இல் பதினான்காம் லூயி மன்னரின் படைகள் ஒல்லாந்தில் புகுந்தன. ஒல்லாந்தர் தம் வயல்களைத் தாமே வெள்ளத்தில் அமிழ்த்திப் படையைத் தடுத்தார்கள். நாட்டை நடத்திய யொஹான் டி விற், அவரும் வளைகோடுகளைப் பற்றி நூல் எழுதிய கணிதர், டென் ஹாக் தெருவில் கும்பலால் கொல்லப்பட்டார். ஹைகன்ஸின் தமையன் எதிர்த்துப் போரிட்ட ஒறேஞ்ச் இளவரசரின் செயலாளர். ஹைகன்ஸோ பாரிஸிலேயே இருந்தார். நூலையும் லூயிக்கே காணிக்கையாக்கினார்.

இந்தக் காணிக்கை நமக்கு உறுத்தவே செய்கிறது. ஊர் எரியும்போது வேறு நாட்டில் சம்பளம் வாங்கியவர்களைப் பற்றி நாம் இலகுவில் தீர்ப்புச் சொல்வோம். நம்மைப் பற்றியும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த இருப்பிடம் இல்லாமல் அந்த நூல் அப்போது வந்திருக்குமா என்பதும் கேள்விதான். அதே ஆண்டுகளில் பாரிஸுக்கு வந்த லைப்னிட்ஸ் என்ற ஜெர்மன் இளைஞருக்குக் கணிதத்தில் வழிகாட்டியவரும் அவரே. சமதூரக் கோடுகளைத் தனிப்பொருளாக எடுத்து 1692இல் எழுதியவர் அந்த லைப்னிட்ஸ்.

ஹைகன்ஸுக்கு உடல்நலம் அடிக்கடி குலைந்தது. 1681இல் நோயோடு ஊர் திரும்பினார். குணமானதும் பாரிஸ் போகலாம் என்றிருந்தார். 1683இல் கொல்பேர் இறந்தார். 1685இல் லூயி புரட்டஸ்தாந்தருக்கு இருந்த உரிமைகளை நீக்கினார். பெருந்தொகையானோர் அகதிகளாக வெளியேறினர். புரட்டஸ்தாந்தரான ஹைகன்ஸுக்கும் அந்தக் கதவு மூடியது.

1686இல் அவருடைய கடிகாரங்களை ஒல்லாந்தக் கொம்பனி நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலில் அனுப்பியது, கடலில் நெட்டாங்கை அறிய. பூமத்திய ரேகைக்கு அருகில் ஊசல் மெதுவாவதைக் கணக்கிட்டு முடிவுகளைத் திருத்தினார். ஆனாலும் கடலாட்டத்தை ஊசல் வெல்லவில்லை. அந்த வேலையைப் பின்னாளில் ஆங்கிலத் தச்சர் ஜோன் ஹரிசன் முடித்தார்.

பாரிஸில் வாசித்த ஒளி பற்றிய கட்டுரையை 1690இல் லைடன் நகரில் பிரெஞ்சு மொழியிலேயே வெளியிட்டார். அலைமுகத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சிறு அலை எழுகிறது, அவற்றை எல்லாம் தொட்டுச் செல்லும் கோடே அடுத்த அலைமுகம் என்றார். அதுவும் ஒஃப்செற்தான்.

திருமணம் செய்யவில்லை. தந்தை கட்டிய ஹொவ்வைக் என்ற வீட்டில், டென் ஹாக்குக்குப் பக்கத்தில், பெரும்பாலும் தனியே இருந்தார். 1695 யூலை 8இல் காலமானார். தம் கைப்பிரதிகளை லைடன் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். கையால் வரைந்த அந்த வளைகோடுகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.