அன்னையரைக் காத்த அம்மையார்

சுவனபதி தாயின் காலடியில் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. மேடைதோறும் அதனைச் சொல்கிறோம், குழந்தைகளுக்கும் கற்பிக்கிறோம். ஆனால் ஒரு பெண் தாயாகும் அந்த வேளையில், வாழ்வுக்கும் மரணத்துக்கும் இடையே அவள் ஊசலாடும் அந்த நாழிகையில், அவளுக்காக நாம் என்ன செய்கிறோம்? இக்கேள்வியை ஓர் இளம்பெண்ணின் உள்ளத்தில் எழுப்பிய இரவு ஒன்று நம் தென்னாற்காட்டு மண்ணில் நிகழ்ந்தது. அந்த இரவில் கதவைத் தட்டிய மூவருள் ஒருவர் முஸ்லிம் ஆவார். ஆகவே அந்த வரலாறு நமக்கும் உரியதாகும்.

கடலூர் செம்மண்டலத்திலிருந்து புதுச்சேரி வழியாகச் சென்றால் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருப்பது திண்டிவனம். இன்று அது விழுப்புரம் மாவட்டத்து ஊர். 1993-ல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கே ஒரு பங்களாவில் வாழ்ந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் வரலாறே இது.

மருத்துவக் குடும்பத்தில் பிறந்தவர்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர், 1819-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றிப் பின்னர் தமிழகம் போந்த மருத்துவர். தந்தையாரும் மருத்துவரே. இக்குடும்பத்தில் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்துடன் சொன்ன 1876-78 பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறு குழந்தை. பசியால் துவண்டு, ரொட்டித் துண்டை வாயிலிடவும் வலுவின்றிக் கிடந்த பிள்ளைகளை அவர் கண்ணாரக் கண்டார். அந்தக் காட்சி அவரை இந்நாட்டின்பால் ஈர்க்கவில்லை. அஞ்சி ஓடவே தூண்டியது.

அமெரிக்கா சென்று பள்ளிப் படிப்பை முடித்த அவர், இனி இந்தியா பக்கமே வருவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். தாயார் நோயுற்ற செய்தி கிடைத்ததால் 1890-ல் திண்டிவனம் வந்தார். தாயார் தேறியதும் திரும்பிவிடுவதே அவருடைய எண்ணம். இறைவனின் நாட்டமோ வேறாக இருந்தது.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஓர் இரவு ஐடா விளக்கொளியில் அமர்ந்திருந்தபோது, வாசலில் பிராமண இளைஞர் ஒருவர் வந்து நின்றார். அவருடைய மனைவி, ஏறக்குறைய குழந்தைப் பருவத்தைத் தாண்டாத சிறுமி, பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அவள் இறப்பதே மேல் என்று சொல்லி அந்த இளைஞர் திரும்பினார்.

சற்று நேரத்தில் இரண்டாமவர் வந்தார். அவர் முஸ்லிம். அவருடைய மனைவிக்கும் அதே நிலை. ஐடாவின் தந்தையார் தாமே முன்வந்து உதவுவதாகக் கூறினார். மகளும் உடன் வருவதாகச் சொன்னார். குடும்பத்தைச் சாராத எந்த ஆடவரும் தம் மனைவியின் முகத்தைக் கண்டதில்லை என்றும், அதற்கு இணங்க இயலாது என்றும் அவர் மறுத்துவிட்டார். மூன்றாவதாக மற்றோர் உயர்குல இந்துவும் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே மறுப்புடன் திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் சாவுப் பறை கேட்டது. பணியாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர்.

அந்த மூன்று கணவன்மாரையும் கல்நெஞ்சர் என்று கருதுவது தவறாகும். மனைவிமீது அன்பில்லாதவர் நள்ளிரவில் அயலார் வாசலைத் தேடி ஓடி வருவாரா? அவர்கள் அன்பு மிக்கவர்களே. வழக்கத்தை வழிபாடாகக் கொண்டதே அவர்கள் செய்த பிழை. பிற இருவரின் சமய நூல்கள் பற்றி நாம் பேச வேண்டியதில்லை. நம்மவரைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அந்தச் சகோதரர் மார்க்கத்தைக் காப்பதாக நம்பினார். ஆனால் மார்க்கம் அவரிடம் அதைக் கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்தான நிர்ப்பந்த வேளையில் விலக்கப்பட்டவையும் ஆகுமாகும் என்பது நம் சட்ட மேதைகள் அனைவரும் ஏற்ற விதி. பெண் மருத்துவர் இருப்பின் அவரே முதன்மை; அவர் இல்லாதபோது, நெருங்கிய உறவினர் உடனிருக்க, ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குப் பார்க்கலாம் என்று அவர்கள் தெளிவாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் ருஃபைதா (ரலி), உம்மு அதிய்யா (ரலி) போன்ற நங்கையர் போரில் காயமுற்ற ஆண்களுக்கு மருந்திட்டார்கள். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போலாவார் என்பது திருமறையின் கருத்தல்லவா?

இன்னொன்றும் உண்டு. மருத்துவக் கல்வி பர்ளு கிபாயா, அதாவது சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகளாகும் கூட்டுக் கடமை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதி வைத்தார்கள். பெண்கள் பெண்களிடமே மருத்துவம் பெற வேண்டும் என்று நாம் விரும்புவது நியாயமே. அவ்வாறாயின் பெண்களை மருத்துவர்களாக்குவது யாருடைய கடமை? அந்த இரவில் திண்டிவனத்தில் ஒரு பெண் மருத்துவர் இருந்திருப்பின் மூன்று உயிர்களும் பிழைத்திருக்கக்கூடும். கோஷாப் பெண்களுக்கென்றே 1885-ல் சென்னையில் தொடங்கப்பட்ட மருத்துவமனை அப்போது இருக்கத்தான் செய்தது. அதுவே இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனால் பிரசவ வேதனையில் துடிப்பவளுக்குச் சென்னை எட்டாத தொலைவு.

வேலூரில் ஒரு கட்டில்

மறுநாளே ஐடா தம் பெற்றோரிடம் தாம் மருத்துவராகப் போவதாகக் கூறினார். அமெரிக்கா சென்று பிலடெல்பியாவில் தொடங்கிய படிப்பை நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் முடித்தார். பெண்களைச் சேர்த்துக் கொண்ட அக்கல்லூரியின் முதல் அணியில் அவரும் ஒருவர். பெண்களுக்கான மருத்துவமனை அமைக்கப் பொருள் தேடியபோது, ஷெல் என்னும் வணிகச் செல்வர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார்.

1900-ல் ஐடா வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையார் மறைந்தார். உடன் நின்று வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த துணை போயிற்று. பங்களாவின் சிறு அறையில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவத்தைத் தொடங்கினார். இளம்பெண்ணிடம் வைத்தியம் பார்ப்பதா என்று மக்கள் முதலில் தயங்கினர். பின்னர் ஒருவர் குணமடைந்து பத்துப் பேரிடம் சொல்ல, இரண்டாண்டுக்குள் ஐயாயிரம் பேர்வரை நாடி வந்தனர். 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாதவரைத் தேடி அவரே சென்றார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் பயணம் செய்து, மர நிழலில் நிறுத்திக் காத்திருந்தோருக்கு மருந்து கொடுத்தார். அந்தச் சாலையோர வைத்தியமே பின்னாளில் பெரிய கிராம மருத்துவப் பணியாக வளர்ந்தது.

ஒருவர் போதாது என்ற ஞானம்

ஐடா அம்மையாரின் பெருமை அவர் பார்த்த பிரசவங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. தாம் ஒருவர் இரவு பகலாக உழைத்தாலும் ஒரு வட்டத்துக்குக்கூடப் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். இந்நாட்டுப் பெண்களே இந்நாட்டுத் தாய்மாரைக் காக்க வேண்டும் என்று துணிந்தார். 1909-ல் செவிலியர் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். மூன்று மாணவியர் கிடைத்தாலே அதிசயம் என்று சிலர் நகைத்தனர். விண்ணப்பித்தவர்களோ 151 பேர். இடமின்மையால் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் அணி 1922-ல் தேறி வெளிவந்தது.

பின்னர் அரசு சட்டத்தை மாற்றி, பல்கலைக் கழகப் பட்டப் படிப்பாக உயர்த்தாவிடில் பள்ளியை நடத்த இயலாது என்றபோது, அம்மையாருக்கு வயது எழுபதை எட்டிக் கொண்டிருந்தது. அவர் சோர்ந்து அமரவில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அம்மையார் 1946-ல் ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அந்நிறுவனத்தின் இயக்குநரானார். திருமணம் செய்து கொள்ளாமலே வாழ்நாளை ஈந்த ஐடா அம்மையார், 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் மறைந்தார். ஒரு கட்டிலில் தொடங்கிய பணி, நாடெங்கிலுமிருந்து மக்கள் நாடி வரும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையாக இன்றும் நிற்கிறது.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

அம்மையார் வேறு சமயத்தவர். எனினும் நன்மை எங்கிருப்பினும் அது இறைநம்பிக்கையாளன் தவறவிட்ட பொருள் போன்றது. கண்ட இடத்தில் எடுத்துக் கொள்ள அவனுக்கு உரிமை உண்டு.

தாய்மாருக்குத் துணை நிற்பது நமக்குப் புதியதும் அன்று. பலவீனத்தின்மேல் பலவீனம் தாங்கித் தாய் கருவைச் சுமப்பதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகளை வகுத்துக் கூறி, அக்காலத்தில் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின்மீது கடமையாக்குகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தேவை ஏற்படின் ரமளான் நோன்பிலேயே சலுகை உண்டு. நாயகத் திருமேனியின் திருமகனார் இப்ராஹீம் பிறந்தபோது ஸல்மா (ரலி) என்னும் அம்மையார் மருத்துவச்சியாக இருந்தார்கள். பெருமானாருக்குப் பாலூட்டிய ஹலீமா (ரலி) அவர்களை, நாயகம் தம் பெருமைமிகு நாட்களிலும் தாயாகவே மதித்தார்கள்.

இத்தகைய மார்க்கத்தைப் பெற்ற நாம் நடைமுறையில் எப்படி? பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டிய வீடுகள் எத்தனை! அச்சீம்பாலே நோயைத் தடுக்கும் முதல் மருந்து என்று மருத்துவம் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே, பின்னர் மற்ற உணவுடன் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. இரண்டு ஆண்டு என்ற சொல்லைக் கேட்கையில் நம் உள்ளம் குளிர வேண்டாமா?

இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை உண்டு; சிதம்பரத்தில் 1985-ல் தோன்றிய மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரியாகியுள்ளது. 108 என்று அழைத்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. பெண் மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் வீட்டிலேயே பெற்றுக் கொள்ளலாம் என்னும் வீம்பும், பெரியவர்கள் வரட்டும் என்னும் தாமதமும் ஆங்காங்கே எட்டிப் பார்க்கின்றன. உதிரப் பெருக்கு ஏற்பட்டால் சில மணி நேரத்தில் உயிர் போகும். அது யாருடைய வரவுக்கும் காத்திராது.

ஆகவே கருவுற்ற நாள் முதல் முறையாகப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த மருத்துவமனை, யார் துணை, எந்த வண்டி என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு உணவும் ஓய்வும் ஆறுதலும் கொடுங்கள். படிக்கத் துடிக்கும் பெண் மக்களை மருத்துவமும் செவிலியர் கல்வியும் பயில விடுங்கள். அந்தக் கூட்டுக் கடமை இன்றும் நம் தோள்மீதே இருக்கிறது.

திண்டிவனத்தில் அன்றிரவு வெறுங்கையுடன் வீடு திரும்பிய அந்தச் சகோதரரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. விடிந்தபோது தாயையும் இழந்து நின்ற அந்த வீட்டின் துயரை அல்லாஹ் ஒருவனே அறிவான். அத்தகைய விடியல் இனி எந்த இல்லத்துக்கும் நேராதிருக்க, வல்ல நாயன் நமக்குத் தெளிந்த அறிவையும் விரைந்து செயல்படும் நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.